அறுபதாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்

போன மாதம் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில், ‘பொன்னியின் செல்வனை நாற்பத்தோரு வயதில் மறுபடி படித்தேன், பிடிக்கவில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களை ஆசிரியர் குழு ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கட்டி அனுப்பியிருக்கிறது. பாதி திட்டு. மீதிப் பாதி, ‘அப்பாடா, நான் மட்டும் இல்லையா’ என்கிற பெருமூச்சு.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு: நான் கும்பகோணத்தில் இருபத்தாறு வருஷம் லெண்டிங் லைப்ரரி நடத்தினவள். புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, ஒரு வாரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். கேபிள் டிவி வந்ததும் கூட்டம் குறைந்தது, செல்போன் வந்ததும் ஷட்டரை இறக்கினோம். சரி, இந்த மாதம் முழுக்க இதே பேச்சுதான்.

● பொன்னியின் செல்வன் பிடிக்கவில்லை என்று கூசாமல் எழுதுகிறீர்கள். நீங்கள் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்தானா? அதில் அப்படி என்னதான் பிடிக்காமல் போயிற்று?
– ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர், தஞ்சாவூர்

காவிரித் தண்ணீர்தான் ஐயா. சக்கரப் படித்துறையில் கால் வைத்துத் தண்ணீர் மொண்டவள்தான்.

முதலில் படித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. புத்தகமாக இல்லை. அத்தை வாரா வாரம் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் கோத்து, காலிகோ அட்டை போட்டு வைத்திருந்தாள். ஓவியர் மணியம் வரைந்த படங்களின் ஓரத்தில் பசை மஞ்சளாகப் படிந்திருக்கும். அத்தியாயம் முடிகிற இடத்தில் மிச்சமிருக்கும் பாதிப் பக்கத்தில் ஒரு தைல விளம்பரம். அந்தக் கட்டுகளை டிரங்குப் பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருப்பாள். மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்து, அத்தை வெற்றிலை மடிக்கிற நேரத்தில் எனக்கு ஒரே ஒரு அத்தியாயம். மறுநாள் மத்தியானம் வரைக்கும் அடுத்தது கிடையாது. அழுது பார்த்தேன், கால் பிடித்துவிட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கிட்டத்தட்ட முந்நூறு அத்தியாயம். ஒரு பள்ளிக்கூட வருஷம் முழுக்க அதிலேயே போயிற்று. அப்போது எனக்கு அது பிடிக்கவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் கடித்திருப்பேன்.

இரண்டாவது தடவை 1996-ல். மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. சொந்த லைப்ரரி, சாவி என் இடுப்பில். ஐந்து பாகத்தையும் எட்டு நாளில் முடித்தேன். மூன்றாம் நாளே எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. ஏன் என்று யோசித்து, கடைசியில் ஒரு தாளில் கணக்குப் போடத் தொடங்கினேன்: எத்தனை இடத்தில் யார் யார் ஒளிந்திருந்து ஒட்டுக் கேட்கிறார்கள் என்று. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுக் கூட்டத்தைக் கதாநாயகன் வந்தியத்தேவன் பார்க்கிறான். அதே நேரம் மதில்மேல் ஒற்றன் ஆழ்வார்க்கடியான் தலை. திருப்புறம்பயம் பள்ளிப்படையில் சதிகாரர்கள் பேசுவதை ஆழ்வார்க்கடியான் கேட்கிறான். தஞ்சாவூர் நிலவறையில் மறுபடி வந்தியத்தேவன். (திருப்புறம்பயம் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அந்தப் பக்கம் போனால் இப்போதும் புதரைத் திரும்பிப் பார்க்கிறேன்.) சோழ நாட்டில் ஒரு ரகசியத்தைக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லாமல் பேச முடியாது போலிருக்கிறதே என்று தாளைக் கசக்கிப் போட்டேன்.

கல்கி இதை 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை, மூன்றரை வருஷம் வாரப் பத்திரிகையில் எழுதினார். போன வாரம் படித்ததை வாசகன் பாதி மறந்திருப்பான். அவனை உலுக்கி எழுப்ப அத்தியாயக் கடைசியில் ஒரு அலறல், ஒரு நிழல், இருட்டிலிருந்து நீளும் ஒரு கை தேவைப்பட்டது. வாரத்துக்கு ஒரு நிழல் என்றால் மயிர்க்கூச்செறியும். ஒரு நாளைக்கு முப்பத்தைந்து நிழல் என்றால் யாருக்குத்தான் தாங்கும்? அத்தைக்கு இது தெரிந்திருக்கிறது. சாவியை அவள் கையில் வைத்துக்கொண்டது கருமித்தனத்தால் இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இதையும் சொல்லிவிடுகிறேன். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை போகிற முதல் அத்தியாயம் இன்றைக்கும் எனக்குத் தித்திப்புதான். பூங்குழலி படகு தள்ளி வந்தால் மாவுக்கட்டோடு எழுந்து நிற்பேன். இன்னொன்று: கதை முடிந்தபோது, திடீரென்று முடித்துவிட்டீர்களே, இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று அந்தக் காலத்து வாசகர்களே சண்டைக்கு வந்தார்கள். கல்கி முடிவுரையில் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். அவரிடம் குறை சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்தது என்றால், எனக்கும் கொஞ்சம் மிச்சமிருக்கும் என்று நினைக்கிறேன்.

● தஸ்தயெவ்ஸ்கி படிக்காதவன் மனுஷனே இல்லை என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். ‘குற்றமும் தண்டனையும்’ இரண்டு தடவை தொடங்கி இரண்டு தடவையும் விட்டுவிட்டேன். எனக்கு இலக்கிய மூளை இல்லையா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, உங்களுக்கு ஒரு பெரிய மனுஷர் துணை இருக்கிறார். விளதிமீர் நபகோவ். ரஷ்யாவில் பிறந்தவர், நாவலாசிரியர், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் நடத்தியவர். தஸ்தயெவ்ஸ்கி பெரிய எழுத்தாளரே இல்லை, சுமாரான ரகம் என்று தன் வகுப்புக் குறிப்புகளில் எழுதி வைத்தார். அவர் இறந்த பிறகு அது புத்தகமாகவும் வந்துவிட்டது.

அவர் அப்படிச் சொன்னதைக்கூட விடுங்கள், சொன்ன விதத்தைப் பாருங்கள். ‘போர் அடிக்கிறது’ என்று கையைத் துடைத்துக்கொண்டு போகவில்லை. ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். சோனியா ரஸ்கோல்னிகவுக்கு பைபிளிலிருந்து லாசர் உயிர்த்தெழுந்த கதையை வாசித்துக் காட்டுகிற இடம். மெழுகுவத்தி அணையப் போகிறது. கொலைகாரனும் விலைமகளும் அந்த நித்தியப் புத்தகத்தை வாசிக்க ஒன்றாக அமர்ந்திருப்பதை அந்த வெளிச்சம் காட்டுகிறது என்று ஒரு வரி வரும். நபகோவுக்கு அங்கேதான் பற்றிக்கொண்டது. கொன்றவனையும், வயிற்றுப்பாட்டுக்காகத் தன்னை விற்றவளையும் எப்படி ஒரே தராசில் வைக்கலாம்? அவன் செய்த கொலையைக் கோடாலி முதல் ரத்தக்கறை வரை காட்டுகிறாயே, அவள் தொழிலை ஒரு இடத்திலாவது காட்டினாயா? இதுதான் அவர் கேள்வி.

எனக்கு அந்த இடம் பிடிக்கும். முதல் தடவை படித்தபோது கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன், புத்தகம் எடுக்க வந்த ஒரு அம்மா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் நபகோவ் கேட்டதைப் படித்த பிறகு, அந்த வரி வரும்போது பல்லில் ஒரு சின்னக் கல் மாதிரி கடிபடுகிறது. அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் இரண்டு தடவை விட்டது எந்தப் பக்கத்தில் என்று எழுதவில்லையே? அதைப் பார்த்துச் சொல்லுங்கள். பெயர்க் குழப்பம்தான் காரணம் என்றால் அதற்கு வைத்தியம் இருக்கிறது. ரோதியா, ரோதியோன் ரொமானவிச், ரஸ்கோல்னிகவ் மூன்றும் ஒரே ஆள்தான். நம் வீட்டில் ஒருவனையே சுப்பிரமணியன், மணி, பெரியவன், ‘என்னங்க’ என்று நாலு விதமாகக் கூப்பிடுவதில்லையா? ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். குழப்பம் இல்லை, ரஸ்கோல்னிகவ் மனசுக்குள் இருக்கவே மூச்சு முட்டுகிறது என்றால், அதற்கு மாத்திரை கிடையாது. ஆசிரியர் உங்களைச் சரியாகத்தான் அடைத்து வைத்திருக்கிறார்.

● ஒரு புத்தகத்தை எத்தனை பக்கம் வரை பொறுத்துக்கொள்ளலாம்?
– வங்கி ஊழியர், சேலம்

நான்சி பேர்ல் என்று அமெரிக்காவில் ஒரு பிரபலமான நூலகர். அவர் ஒரு கணக்குச் சொன்னார். ஐம்பது வயது வரை உள்ளவர்கள் ஐம்பது பக்கம் படித்துப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதி எவ்வளவோ அத்தனை பக்கம் போதும். வயதாக வயதாக நேரம் குறைவு இல்லையா? எனக்கு இப்போது முப்பது பக்கம்கூடத் தேறாது.

எங்கள் ஊர்க் கணக்கு வேறு. அது அறுபது. திரும்பி வருகிற புத்தகங்களை அடுக்கில் வைப்பதற்கு முன் உதறுவது என் வழக்கம். உள்ளேயிருந்து என்னென்னவோ விழும். மயிலிறகு, விபூதிப் பொட்டலம், ரேஷன் கடை ரசீது, ஒரு தடவை காய்ந்த கறிவேப்பிலைக் கொத்து. அதிகம் விழுவது பஸ் டிக்கெட். எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்ப்பேன். கடைசிப் பக்கத்தில் இருந்தால் படித்து முடித்திருக்கிறார்கள். தடித்த, பேர்பெற்ற புத்தகம் என்றால் டிக்கெட் பெரும்பாலும் ஐம்பத்தைந்துக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும். கும்பகோணத்தில் ஏறி தஞ்சாவூரில் இறங்குவதற்குள் ஒரு ஆள் படிக்கிற அளவு அது.

டிக்கெட் இல்லாவிட்டாலும் புத்தகமே காட்டிக்கொடுத்துவிடும். பக்கங்களை மூடி, ஓரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். படித்த பக்கங்களின் ஓரம் கைபட்டுக் கைபட்டுப் பழுப்பேறியிருக்கும், படிக்காத பக்கங்கள் வெள்ளையாக இருக்கும். டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’ எங்களிடம் மூன்று பாகமும் இருந்தது. முதல் பாகத்தில் முதல் விரற்கடை அளவு காப்பிக் கலர். மூன்றாம் பாகம் கடைசி வரை கல்யாணப் பெண் மாதிரி புதுசாகவே இருந்தது. ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களிடம் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால், ‘அற்புதம் மேடம், மகா காவியம்’ என்பார்கள். நானும் டிக்கெட்டை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுத் தலையாட்டுவேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒருவர்தான், நெல் வியாபாரி, ‘நமக்கு ஓடலைம்மா, பார்ட்டியிலயே நிக்கிறாங்க’ என்றார். அன்றைக்கு அவரிடம் வாடகை வாங்கவில்லை. (நாவல் ஒரு பெரிய வீட்டு விருந்தில்தான் தொடங்கும். அவர் சொன்னது சரி.)

● பெரிய எழுத்தாளர்களுக்கே பெரிய புத்தகங்கள் பிடிக்காமல் போனதுண்டா? நபகோவ் தவிர?
– நூலக உதவியாளர், திருச்சி

உண்டு. டால்ஸ்டாயையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஷேக்ஸ்பியர் ஆகாது. சின்ன வயதிலிருந்து ரஷ்ய மொழியில், ஆங்கிலத்தில், ஜெர்மனில் என்று திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சலிப்பும் அருவருப்பும்தான் மிஞ்சின. எழுபத்தைந்து வயதில், ஒருவேளை நான்தான் தப்போ என்று மறுபடி முதலிலிருந்து படித்தார். அதே முடிவு. 1906-ல் அதை ஒரு நீண்ட கட்டுரையாக வெளியிட்டார். ‘லியர் அரசன்’ நாடகத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்துப்போட்டு, இதற்கு முன்னால் யாரோ பெயர் தெரியாதவர் எழுதிய பழைய லியர் நாடகமே இதைவிட மேல் என்றார்.

நாற்பது வருஷம் கழித்து, 1947-ல், ஜார்ஜ் ஆர்வெல் இதற்கு ஒரு பதில் எழுதினார். ஷேக்ஸ்பியர் எழுதிய அத்தனை நாடகத்தில் இந்தக் கிழவர் ஏன் லியரை மட்டும் இப்படிப் போட்டு மிதிக்கிறார் என்று கேட்டார். லியர் ராஜ்யத்தைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் எல்லோரும் தன்னை ராஜாவாகவே நடத்துவார்கள் என்று எதிர்பார்த்தவன். டால்ஸ்டாய் அதில் தன்னையே பார்த்திருப்பார் என்பது ஆர்வெலின் ஊகம். டால்ஸ்டாயும் சொத்தை, பட்டத்தை, எழுத்துரிமையைத் துறக்கப் பார்த்தவர், அதனால் வீட்டில் நிம்மதி கிடைக்கும் என்று நினைத்தவர். கட்டுரை வந்து நாலு வருஷத்தில், 1910-ல், எண்பத்திரண்டு வயதில், ராத்திரியோடு ராத்திரியாக வீட்டை விட்டுப் புறப்பட்டார். அந்தப் பயணத்தில் அவருக்குத் துணையாக வந்து சேர்ந்த பிள்ளை ஒரே ஒரு மகள். அஸ்தாபவோ என்ற சின்ன ரயில்வே ஸ்டேஷனில், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் உயிர் போயிற்று. கட்டுரை எழுதும்போது இது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இருந்தாலும் எனக்கு அதைப் படித்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நமக்கு ரொம்பவும் பிடிக்காத புத்தகங்களை எல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரிசையை இங்கே எழுத மாட்டேன்.

மார்க் ட்வைன் கதை விளையாட்டு. 1898-ல் ஒரு நண்பருக்கு எழுதினார்: ஜேன் ஆஸ்டினின் அந்தப் பேர்போன நாவலை ஒவ்வொரு தடவை படிக்கும்போதும், அவரைக் குழியிலிருந்து தோண்டியெடுத்து, அவருடைய கால் எலும்பாலேயே மண்டையில் ஒரு போடு போடலாம் என்று வருகிறது என்று. ஆஸ்டின் அடக்கமாகியிருப்பது வின்செஸ்டர் தேவாலயத்துக்குள். தோண்ட விடுவார்களா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ‘ஒவ்வொரு தடவை’ என்கிறாரே, பிடிக்காத புத்தகத்தை எத்தனை தடவைதான் படித்தார்?

● நம் பக்கத்தில் அப்படி யாரும் இல்லையா? நாம் எல்லாவற்றையும் கும்பிட்டே பழகிவிட்டோமோ?
– தமிழாசிரியர், பாளையங்கோட்டை

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஒருவர் இருந்தாரே ஐயா. ரசிகமணி டி.கே.சி. அவரைவிடக் கம்பனை நேசித்தவர் யார்? அந்த நேசத்தில் என்ன செய்தார் என்றால், தனக்கு ருசிக்காத பாட்டை எல்லாம் ‘இது கம்பன் பாட்டாக இருக்க முடியாது, பின்னால் எவனோ செருகியது’ என்று ஒதுக்கினார். சில பாட்டில் சொல்லையே மாற்றினார். கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கு மேல் பாட்டு. அதில் அவர் அங்கீகரித்தது ஒரு சின்னப் பங்கு. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்ல மனசு வராதவர்கள் கண்டுபிடித்த அழகான வழி இது. பண்டிதர்கள் கொதித்தார்கள். எனக்கென்னவோ அவர்மேல் கோபம் வருவதில்லை. நானும் சாம்பாரில் முருங்கைக்காய் மட்டும் பொறுக்குகிறவள்தான்.

எதிர்ப் பக்கத்தில் அண்ணா. 1943-ல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று மேடையேறினார். சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையை எதிர்த்து ஒரு தடவை, சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரை எதிர்த்து ஒரு தடவை. ‘தீ பரவட்டும்’ என்று அது புத்தகமாக வந்திருக்கிறது. அவருடைய வெறுப்பு ருசி சம்பந்தப்பட்டது இல்லை, அரசியல். ஆனால் படிக்காமல் பேசினார் என்று யாரும் சொல்ல முடியாது. ‘கம்பரசம்’ என்ற தன் புத்தகத்தில் பாட்டுப் பாட்டாக எடுத்துப் போட்டுத்தான் அடித்தார். இருபத்தைந்து வருஷம் கழித்து, 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினா கடற்கரையில் வரிசையாகச் சிலைகள் வைத்தார்களே, அதில் கம்பரும் ஒருவர். அப்போது முதலமைச்சர் யார் என்று உங்களுக்கே தெரியும். மனம் மாறியதா, பதவி மாற்றியதா, நமக்கு எதற்கு. பீச்சுக்குப் போகும்போதெல்லாம் கம்பர் முகத்தைப் பார்ப்பேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

● எனக்குச் சிலப்பதிகாரம் பிடிக்கவில்லை. கண்ணகி கோவலனை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையே என்று வகுப்பில் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னது தப்பா ஆன்ட்டி?
– பிளஸ் டூ மாணவி, விருதுநகர்

கண்ணு, முதலில் என் கதை. பத்தாம் வகுப்பில், ஒரு செய்யுளின் ‘நயம் பாராட்டுக’ என்ற கேள்விக்கு, ‘இதில் பாராட்ட எனக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று எழுதினேன். எட்டு மதிப்பெண்ணில் பூஜ்யம். போதாக்குறைக்கு அந்தத் தாளை வகுப்பில் உரக்கப் படித்தார்கள். அந்த ஆசிரியரும் பள்ளிக்கூடமும் யாரென்று சொல்ல மாட்டேன். அந்தச் செய்யுளில் இன்றைக்கும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் பாண்டியன் சபையில் ‘தேரா மன்னா’ என்று கண்ணகி சீறுகிற பகுதியைத்தான் வைப்பார்கள். அதற்கு முன்னால் இருப்பதைக் கதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். சுருக்கத்தில் கண்ணகி ஊமைதான். முழுப் புத்தகத்தில் அப்படி இல்லை. மாதவியிடமிருந்து திரும்பி வந்த கோவலன், சொத்தெல்லாம் தொலைத்தேன், வெட்கமாக இருக்கிறது என்கிறான். இவள் சிரித்த முகத்தோடு ‘சிலம்பு உள, கொண்ம்’ என்கிறாள். காலில் போடுகிற சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று. மாதவிக்குக் கொடுக்கத்தான் பணம் இல்லாமல் வந்திருக்கிறான் என்று நினைத்துச் சொல்கிறாள் என்பார்கள் உரையாசிரியர்கள். அந்தச் சிரிப்பை ஒரு தடவை நினைத்துப் பார். எனக்கு மதுரை எரிந்ததைவிட அதுதான் சுடும்.

அப்புறம் கொலைக்களக் காதைக்குப் போ. மதுரைக்கு வெளியே, ஆயர் வீட்டில் கண்ணகி சமைத்துப் போட, சாப்பிட்டு முடித்த கோவலன், உன்னை இப்படி நடக்க வைத்துவிட்டேனே என்று புலம்புகிறான். அங்கேதான் அவள் அவனை ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்கிறாள். நல்லவர்கள் மெச்சாத காரியத்தைச் செய்தீர்கள் என்று, முகத்துக்கு நேரே, மூன்றே சொல்லில் முடித்துவிட்டு, கூப்பிட்டீர்கள், வந்தேன் என்கிறாள். அதற்கப்புறம் அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறான், திரும்பி வரவில்லை.

இதைப் படித்த பிறகும், ‘இவ்வளவு லேட்டாகவா கேட்பாள், இவ்வளவு மெதுவாகவா கேட்பாள்’ என்று உனக்குத் தோன்றினால் அப்படியே வைத்துக்கொள். வகுப்பில் மறுபடி பேச்சு வந்தால் ‘போற்றா ஒழுக்கம்’ என்று ஆரம்பி. சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த இடம் தெரியும் என்று பார்க்கலாம்.

● என் கணவர் கும்பகோணத்துக்காரர். கல்யாணமான புதிதில் ‘மோகமுள்’ளைக் கையில் கொடுத்து, இதுதான் என் உயிர் என்றார். எனக்கு அந்தப் பாபுவைக் கண்டாலே எரிச்சல். மூன்று வருஷமாக ‘நல்லா இருக்குங்க’ என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடவா?
– பெயர் வேண்டாம், மதுரை

தங்கச்சி, எனக்கும் அது உயிர். எங்கள் தெருவெல்லாம் அதில் வருகிறது. பாபுவின் பாட்டு வாத்தியார் ரங்கண்ணா தம்புராவைத் தொடுகிற பக்கங்களைப் படித்தால் எனக்கு வேறு எதுவும் காதில் விழாது. ஆகையால் இந்த வழக்கில் நான் நடுவர் இல்லை, உன் வீட்டுக்காரர் கட்சி.

ஆனால் ஒன்று சொல்கிறேன். எங்களிடம் ஒரு பள்ளி ஆசிரியை உறுப்பினராக இருந்தார். வாய் திறந்து பேச மாட்டார், புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார். மோகமுள்ளைத் திருப்பித் தந்த அன்றைக்கு மட்டும் நின்றார். ‘இத்தனை பக்கத்துல பாபுவுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுது. யமுனாவுக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டாங்களா?’ என்றார். நான் பதில் சொல்வதற்குள் படி இறங்கிவிட்டார். அன்றைக்கு ராத்திரி யமுனா வருகிற இடங்களாகப் புரட்டினேன். பாபு ஆசைப்படுகிறவள், அவனைவிடப் பத்து வயது மூத்தவள், வருகிற வரன் எல்லாம் தட்டிப்போகிறது, வீட்டில் வறுமை. அவளை நாம் முக்கால்வாசி பாபுவின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். தி. ஜானகிராமனுக்கு இது தெரிந்துதான் எழுதினாரா, தெரியாமலா என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒரு மாசம் சண்டை. நல்ல சண்டை. அந்த மாதிரி வேறு எதற்கும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

சொல்லிவிடு. ‘புக் பிடிக்கலைங்க’ என்று சொல்லாதே, ராத்திரி சாப்பாடு இறங்காது. ‘இந்தப் பக்கத்துல இவன் இப்படிச் செய்யறானே, உங்களுக்குச் சரின்னு படுதா?’ என்று திறந்து காட்டு. காப்பி கொடுத்த பிறகு.

● அலுவலகத்தில் எல்லோரும் ‘ரசவாதி’ படித்துவிட்டு வாழ்க்கையே மாறிவிட்டது என்கிறார்கள். எனக்கு ஒரு பட்டாம்பூச்சிகூடப் பறக்கவில்லை.
– ஐ.டி. ஊழியர், சென்னை

எனக்கும் பறக்கவில்லை. பாலோ கொயலோவின் அந்த நாவலில் ஆடு மேய்க்கிற பையன் பிரமிடு வரைக்கும் போய்த் திரும்பினான், நான் வாசல் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. மாறினவர்கள் மாறட்டும், சம்பளம் உங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றுதானே.

● பிடிக்காமல் போய், பிற்பாடு மனம் மாறிய புத்தகம் ஏதாவது உண்டா?
– இல்லத்தரசி, நாகப்பட்டினம்

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. இருபத்தைந்து வயதில் படித்துவிட்டு, ‘என்னம்மா இது, கதை முழுக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், ஒன்றும் நடக்கவில்லையே’ என்று அத்தையிடம் சொன்னேன். பத்து தப்படியில் காவிரி, கொல்லையில் கிணறு. எனக்கு எப்படித் தெரியும்?

2019 கோடையில் சென்னையில் மகள் வீட்டில் இருந்தேன். விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் லாரி. என் முறைக்கு மூன்று பிளாஸ்டிக் குடம் வைத்துக்கொண்டு நின்றபோது, முன்னால் நின்ற பெண் என் குடத்தைக் காலால் தள்ளிவிட்டுத் தன்னுடையதை வைத்தாள். எனக்கு அறுபத்து நாலு வயது. அவளை என்ன சொல்லித் திட்டினேன் என்பது இந்தப் பத்திரிகையில் அச்சாகாது. மேலே வந்து மூச்சு வாங்க உட்கார்ந்ததும் ‘தண்ணீர்’ கதையின் ஜமுனா ஞாபகம் வந்தாள். அவள் தங்கை சாயா ஞாபகம் வந்தாள். மகள் அலமாரியில் அந்தப் புத்தகம் இருந்தது. ஒரே உட்காரலில் முடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை என்று எப்படிச் சொன்னேனோ.

ஆனால் எல்லாப் புத்தகத்துக்கும் இப்படி ஒரு லாரி வரும் என்று காத்துக்கொண்டிருக்காதீர்கள். அந்தப் பத்தாம் வகுப்புச் செய்யுளுக்கு இன்னும் வரவில்லை.

● (முதல் கேள்வி கேட்ட அதே தஞ்சாவூர் ஐயா, பின்குறிப்பாக) தினம் ஒரு அத்தியாயம் என்று மறுபடி படித்துப் பாருங்களேன். உங்கள் அத்தை மாதிரி.

நல்ல யோசனை. போன வாரமே ஆரம்பித்திருப்பேன். ஆனால் 2003-ல் எங்கள் லைப்ரரியிலிருந்து மூன்றாம் பாகம் ‘கொலை வாளை’ எடுத்துப் போனவர் இன்றைக்கு வரை திருப்பித் தரவில்லை. பச்சை காலிகோ அட்டை, முதுகில் வெள்ளை மையில் 417 என்று போட்டிருக்கும். அவர் இந்தப் பக்கத்தைப் படித்தால், பத்திரிகை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகலாம். வாடகை வேண்டாம். உள்ளே பஸ் டிக்கெட் இருந்தால் எடுக்காமல் அப்படியே கொடுங்கள்.